சிங்கப்பூரிலிருந்து வரும் மூன்று பெட்டி பழைய கண்ணாடி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பர்மாவில், ரங்கூனுக்கு அப்பால் இருக்கும் பெகுவில், உங்கள் கோவில் இளைஞர் குழு ஒரு கண் முகாம் நடத்த நினைக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் மாமா, தெரிந்தவர்களிடம் கேட்டுச் சேர்த்த பழைய மூக்குக்கண்ணாடிகளை மூன்று பெட்டியாக அனுப்புகிறார். ரங்கூனில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இரண்டு பேர் காசு வாங்காமல் வந்து பார்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திருவிழா அன்றைக்கே கோவில் வாசலில் மேசை போட்டு, இல்லாதப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாமா, வேறு என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முகாம் போடுங்கள். அந்த இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கடையை மூடிவிட்டு ஐம்பது மைல் வருகிறேன் என்று சொல்கிற ஆள் லேசில் கிடைக்க மாட்டார். ஆனால் திருவிழா அன்றைக்கு வேண்டாம், பெட்டிகளை மேசையில் கொட்டி "எது தெளிவாகத் தெரிகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிற வேலை கண்டிப்பாக வேண்டாம். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக லென்ஸ் தேய்க்கிறவன், எனக்கு முன்னால் அப்பா, அதே கடை, அதே நாற்காலி. இந்தப் பெட்டி விவகாரத்தில் நானே ஒருமுறை நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நர்கிஸ் புயலுக்கு முந்தின வருஷம், 2007. ரங்கூனுக்கு அருகே தன்லின் பக்கம் நம் ஆட்கள் இருக்கும் ஒரு கிராமம். வெளிநாட்டிலிருந்து ஒரு புண்ணியவான் நானூறுக்குச் சற்று மேலே பழைய கண்ணாடிகள் அனுப்பியிருந்தார். அது வழியில் ஏதோ ஒரு கிடங்கில் நாலு மாசம் கிடந்து, மழையில் ஒரு பெட்டி ஊறி, வந்து சேர்ந்தது. நானும் இன்னொரு கடைக்காரரும் போனோம். கூட்டம் கூடிவிட்டது. வெயில், தள்ளுமுள்ளு, பின்னால் நிற்பவர்கள் தீர்ந்துவிடும் என்று பயந்து சத்தம் போடுகிறார்கள். மதியத்துக்கு மேல் நாங்களே பொறுமை இழந்து, ஏறக்குறைய ஒத்துவருகிறது என்றால் கையில் கொடுத்துவிட்டோம். நூற்றைம்பது பேருக்கு மேல் வாங்கிப் போனார்கள். பத்திரிகைக்காரன் இருந்திருந்தால் நல்ல போட்டோ கிடைத்திருக்கும்.

ஆறு மாசம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். முக்கால்வாசிக் கண்ணாடி பிஸ்கட் டின்னில் இருந்தது. பூக்கட்டும் ஓர் ஆயா பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். "ஏன் ஆயா போடவில்லை?" என்றால், "போட்டால் தரை மேலே வருகிறது சாமி, ஆனால் நல்ல கண்ணாடி, வெளிநாட்டுக் கண்ணாடி, தூக்கிப்போட மனசு வரவில்லை" என்கிறார். வாங்கிப் பார்த்தேன். ப்ராக்ரஸிவ் லென்ஸ், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போவது. எவரோ ஒருவருடைய கண்ணுக்கும் மூக்குக்கும் அளவெடுத்து, நம் ஊர்ச் சம்பளத்தில் இரண்டு மாசப் பணம் கொடுத்துச் செய்தது. ஆயாவுக்கு வேண்டியிருந்ததோ ஊசியில் நூல் கோக்க ஒரு சாதாரண ப்ளஸ் இரண்டு.

பர்மாக்காரர்கள் கண்ணாடியை மியெத்மான் என்பார்கள். மியெத் என்றால் கண், மான் என்றால் ஆடி. நம் கண்+ஆடி மாதிரியேதான், எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவர்கள் மொழியில் அதே ஒலிக்குச் "சரி" என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் கடைக்கு வருகிறவர்கள் "மியெத்மான் மமான்பூ" என்று சொல்லிவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள், கண்ணாடி சரியில்லை என்று அர்த்தம். அந்தக் கிராமத்துக்கு நாங்கள் கொண்டுபோனது பெரும்பாலும் மமான்பூ சரக்கு.

என் கதையை விடுங்கள், இதை முறையாகக் கணக்குப் பார்த்தும் இருக்கிறார்கள். 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நன்கொடையாக வந்த 275 பழைய கண்ணாடிகளை எடுத்துச் சோதித்ததில் 7 சதவீதம்தான் உபயோகிக்கிற நிலையில் இருந்தது. நூற்றுக்கு ஏழு. சேகரிப்பது, கழுவுவது, பவர் அளப்பது, அனுப்புவது, கொடுப்பது எல்லாவற்றையும் சேர்த்து, உபயோகமான ஒரு கண்ணாடி கண்ணில் ஏறுவதற்குள் 20 அமெரிக்க டாலருக்குக் கொஞ்சம் மேலே செலவாகிறது என்று போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே பவரில் ஆயத்தமாக வரும் ரெடிமேட் கண்ணாடியைப் புதிதாகக் கொடுப்பதைவிட அது அதிகம். இலவசம் என்று நினைத்து நாம் வாங்குகிற பொருள், உண்மையில் வேறு யாரோ கூலியும் கப்பல் வாடகையும் கொடுத்த பொருள். பார்வையின்மைத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பும் பழைய கண்ணாடி விநியோகத்தை ஊக்குவிப்பதில்லை.

ஏன் இவ்வளவு குறைவாகத் தேறுகிறது? உடைசல், கீறல், கோட்டிங் உரிந்தது இதெல்லாம் ஒரு பக்கம். பொருத்தம் என்பதுதான் பெரிய சிக்கல். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் என்பது தூரம் தெரியாதவர்களுக்கு, ப்ளஸ் பெரும்பாலும் கிட்டத்தில் தெரியாதவர்களுக்கு. மைனஸ் ஆறிலிருந்து ப்ளஸ் நாலு வரை, கால் கால் பவராகப் போனால் 41 படி. வலது கண்ணுக்கு 41, இடது கண்ணுக்கு 41, இரண்டையும் பெருக்கினால் 1681 ஜோடி. இதில் இன்னும் சிலிண்டர் பவரே சேர்க்கவில்லை. சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாதவர்களுக்குப் போடுவது, அதில் பவரோடு கோணமும் உண்டு, 180 டிகிரியில் எங்கே வைப்பது என்று. ஒருவருக்கு 90இல் இருக்க வேண்டியது இன்னொருவருக்கு 20இல் இருக்கும், கோணம் தப்பினால் அந்தச் சிலிண்டர் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். உங்கள் மூன்று பெட்டியில் ஓர் ஆயிரம் கண்ணாடி இருந்தாலும், வரிசையில் நிற்கிற குறிப்பிட்ட ஒரு மனிதருடைய ஜோடி அதில் இருக்கும் என்பது லாட்டரிச் சீட்டு. எல்லோருக்கும் இரண்டு கண்ணும் தாறுமாறாக வேறுபடுவதில்லை என்பது உண்மை, பாதிப் பேருக்கு மேல் ஏறக்குறைய ஒரே பவர்தான் இருக்கும். ஆனால் அவர்களுக்குத்தான் ரெடிமேடே போதுமே.

பவர் கச்சிதமாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பாவை இடைவெளி. இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பெரியவர்களுக்குச் சராசரி 63 என்பார்கள், 56உம் பார்த்திருக்கிறேன், 70உம் பார்த்திருக்கிறேன். லென்ஸின் நடுப்புள்ளி பாவைக்கு நேரே நிற்காவிட்டால் லென்ஸ் பட்டகமாக, அதாவது ப்ரிசமாக, வேலை செய்யும், உருவத்தை ஒரு பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு எளிய சூத்திரம்: விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் போட்டுப் பவரால் பெருக்கு. பவர் நாலு, ஒவ்வொரு கண்ணிலும் 3 மில்லிமீட்டர் விலகல் என்றால் ஒரு கண்ணுக்கு 1.2, இரண்டுக்கும் சேர்த்து 2.4 பட்டக அளவு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தைத்தால் தலைவலி, குமட்டல். அதே விலகல், பவர் ஒன்றரை என்றால் மொத்தம் 0.9தான், பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். பவர் குறைந்த படிக்கிற கண்ணாடியைக் கடைத்தெருவில் ஆயத்தமாக விற்க முடிகிறது, பவர் கூடியதை விற்க முடியவில்லை என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் மூக்கு. சிரிக்காதீர்கள். வெள்ளைக்காரர் மூக்குக்குச் செய்த பிளாஸ்டிக் பிரேம் இங்கே முக்கால்வாசிப் பேருக்கு நிற்காது, சரிந்து கன்னத்தில் உட்காரும், அங்கே தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து வேறு பூசியிருக்கும். லென்ஸ் முழுக்க மஞ்சள் மாவு. அதை லொங்கி நுனியால் துடைப்பார்கள், ஒரே மாசத்தில் கீறல். உங்கள் மாமா பெட்டி சிங்கப்பூரிலிருந்து வருவதால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி, மூக்குத் தட்டு உள்ள பிரேம்கள் அதிகம் இருக்கும், வளைத்து நிறுத்தலாம்.

அனுப்புகிறவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதன் பின்னால் பெரிய பாரம்பரியம் உண்டு. 1925இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் என்ற தொண்டுச் சங்கத்தின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று அழைத்தார். அன்றிலிருந்து கண் சேவை லயன்ஸ்காரர்களுடைய முதல் வேலையாகிவிட்டது, பழைய கண்ணாடி சேகரிக்கும் பெட்டிகளும் தரம் பிரிக்கும் மையங்களும் பல நாடுகளில் அவர்களுக்கு உண்டு. 1932இல் நியூ ஜெர்சியில் ஜூலியா லாரன்ஸ் டெர்ரி என்ற அம்மையார் தொடங்கிய அமைப்பும் பழைய கண்ணாடியில் ஆரம்பித்ததுதான். ஓய்வுபெற்ற கண்ணாடிக் கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், அமெரிக்காவில் சில சிறைகளில் கைதிகள்கூட உட்கார்ந்து கழுவி, பவர் அளந்து, உறையில் போட்டு எண் எழுதுகிறார்கள். கண்ணாடி என்பது பணக்காரன் பொருளாக இருந்த காலத்தில் அந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது. இன்றைக்குச் சீனாவிலிருந்து வரும் லென்ஸும் பிரேமும் அவ்வளவு மலிவு, ஆனால் பார்க்கத் தெரிந்த ஆள் மட்டும் மலிவாகவில்லை. உங்கள் முகாமில் விலை மதிப்புள்ள பொருள் அந்த இரண்டு கடைக்காரர்களுடைய ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளை எதற்குச் செலவழிப்பது?

வெள்ளெழுத்துக்கு. எங்கள் அப்பா காலத்தில் சாளேசுரம் என்பார்கள். சாலீஸ் என்றால் உருதுவில் நாற்பது, அந்த வயதில் வருவதால் அந்தப் பெயர். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் குவியாது, இது நோய் இல்லை, நரை மாதிரி எல்லோருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கையில், வெள்ளெழுத்துக்கு ஒரு கண்ணாடி கிடைக்காமல் கிட்டப் பார்க்க முடியாமலிருப்பவர்கள் 82.6 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். இதற்கு வேண்டியது பெரும்பாலும் ப்ளஸ் ஒன்று முதல் மூன்றரை வரை, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. மொத்தமாக வாங்கினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

படிப்பு வாசனை இல்லாத ஆயாவுக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று உங்கள் கமிட்டியில் யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கதையைச் சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களை எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் கிட்டப்பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, நாளுக்கு எத்தனை கிலோ பறிக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்தது 21.7 சதவீதம் அதிகம். ஐம்பதைத் தாண்டியவர்களில் அது 30 சதவீதத்துக்கும் மேல். 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கொழுந்துக்கு உள்ளது நம் ஊரில் உளுந்துக்கும் இருக்கும்தானே? பயறுக் கிடங்குகளில் முறத்தை வைத்துக்கொண்டு கல் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள், நாற்பத்தைந்து வயதானால் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார்கள், ஐம்பதில் "கண் மங்கிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுருட்டு சுற்றுகிறவர், தையல்காரர், ரங்கூன் மொகல் தெருவில் பற்றவைக்கிற பத்தர், பூக்கட்டுகிறவர், எல்லோருக்கும் இதே நிலைதான்.

அதனால் முகாமில் எழுத்து அட்டையோடு ஒரு முறமும் வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் செய்கிறேன். முறத்தில் உளுந்து, அதில் பத்துக் கல். தமிழ் படிக்கத் தெரியாதவர், பர்மிய எழுத்தும் தெரியாதவர் நம் பெரியவர்களில் நிறையப் பேர் உண்டு, அவர்களை அட்டை முன்னால் நிறுத்தினால் கூச்சப்பட்டு "தெரிகிறது தெரிகிறது" என்று தலையாட்டிவிடுவார்கள். கல் பொறுக்கு என்றால் கூச்சம் போய்விடும். ப்ளஸ் ஒன்றரையில் ஏழு கல், இரண்டில் பத்துக் கல் என்றால் வேலை முடிந்தது. அதற்கு மேலே பவரைக் கூட்டிக் கொடுக்காதீர்கள், அதிகமானால் முறத்தை மூக்கருகே கொண்டுவர வேண்டிவரும். வயதை வைத்துத் தோராயமாக நாற்பத்தைந்துக்கு ஒன்றரை, ஐம்பதுக்கு இரண்டு, ஐம்பத்தைந்துக்கு இரண்டரை என்று தொடங்கலாம். தூரத்துக்கு, நாலு பக்கமும் திரும்பி நிற்கும் ஆங்கில E எழுத்து அட்டையே போதும், விரலைக் காட்டச் சொன்னால் சின்னப் பிள்ளையும் காட்டும்.

இதற்கு முன்னால், வாசலிலேயே, ஒரு சல்லடை வேண்டும். ஓர் அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே ஒரு துளை போடுங்கள். தூரம் மங்கலாகத் தெரிகிறது என்பவரை, ஒரு கண்ணை மூடி அந்தத் துளை வழியாக எழுத்து அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியாகத் தெளிந்தால் கண்ணாடியால் தீரும் குறை. துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் அது கண்ணாடிக் கடைக்காரர் வேலை இல்லை, புரையோ, கண் அழுத்தமோ, விழித்திரையோ, அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இந்த ஓட்டை அட்டையைப் பிடிக்க உங்கள் குழுப் பையனுக்கு அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பழைய கண்ணாடி முகாம்களில் நடக்கும் பெரிய தீங்கு இந்த இடத்தில்தான். புரை விழுந்த தாத்தா பத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, அதில் கொஞ்சம் பரவாயில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ணுக்குப் பார்த்தாகிவிட்டது" என்று இரண்டு வருஷம் சும்மா இருந்துவிடுவார். ரங்கூனில் இருக்கும் யாங்கோன் கண் மருத்துவமனைக்கு யார் அழைத்துப்போவது, பஸ் காசு யார் கொடுப்பது, துணைக்கு யார் இருப்பது என்பதை முகாமுக்கு முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி கையில் பணம் இருந்தால் அதற்குத்தான் முதல் செலவு.

"அறுபத்தைந்து வயதில் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன், எல்லாம் அம்மன் அருள்" என்று ஒருவர் வருவார். பார்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் அது புரையின் தொடக்கம், கண் லென்ஸின் நடு இறுகி மைனஸ் பக்கம் இழுப்பதால் கிட்டத்தில் இருப்பது தற்காலிகமாகத் தெளிவாகத் தெரியும். அருளைக் குறை சொல்லாமல் மெதுவாக டாக்டரிடம் அனுப்புங்கள். சர்க்கரைக்காரர்களிடமும் எச்சரிக்கை. சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும், ஞாயிற்றுக்கிழமை அளந்த பவர் அடுத்த மாசம் பொய்யாகிவிடும். சர்க்கரை நிலைக்கு வந்து சில வாரம் கழித்து அளப்பதுதான் முறை.

குழந்தைகளுக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூடாது. பெரியவர்கள் தப்பான கண்ணாடி போட்டால் தலைவலி வரும், கழற்றினால் போய்விடும், கண் கெட்டுப்போகாது. பிள்ளைகளுக்குக் கண்ணும் மூளையும் சேர்ந்து பார்க்கப் பழகும் வயது, ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால் பிற்பாடு எந்த லென்ஸாலும் மீட்பது கஷ்டம். சொட்டு மருந்து போட்டு அளக்க வேண்டும், புது லென்ஸ் போட வேண்டும். அவ்வளவுதான், இதில் பேரமே இல்லை.

சரி, உங்கள் கடைக்காரர்கள் இருவரும் என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும், இருந்தாலும் ஊருக்கு வெளியே முகாம் பார்த்திராதவர்கள் என்றால் ஒன்றிரண்டு சொல்லிவிடுங்கள். மின்சாரத்தை நம்ப வேண்டாம். லென்ஸின் பவரை அளக்கும் பழைய கைச்சுற்று லென்சோமீட்டர் ஒன்று போதும், விளக்கு அணைந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். அதுவும் பழுதானால் கையால் ஆட்டிப் பார்ப்பது. சுவரில் ஒரு சிலுவைக்கோடு போட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இடம் வலம் அசைத்தால், கோடு எதிர்ப்பக்கம் ஓடினால் ப்ளஸ், கூடவே வந்தால் மைனஸ். லென்ஸைச் சுழற்றும்போது கோடு கத்தரி மாதிரி விரிந்து குறுகினால் சிலிண்டர். தரம் பிரிக்க உங்கள் பையன்களுக்கு இந்த ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு சாயங்காலத்தில் பிடித்துக்கொள்வார்கள், சிலிண்டரையும் ப்ராக்ரஸிவையும் அவர்களே ஒதுக்கிவிடலாம்.

பெட்டிகளை முகாமுக்கு ஒரு மாசம் முன்னாலேயே பிரித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய துணி. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பிரேம் கரைந்துவிடும். கழுவிய பிறகு, இரண்டு பக்கமும் ஒரே ப்ளஸ் பவர், கீறல் இல்லாதது எதுவோ அதைத் தனியாக எடுத்து உறையில் பவர் எழுதி வையுங்கள், அது அப்படியே உபயோகமாகும். நல்ல மெட்டல் பிரேம்களை எடுத்து, பழைய லென்ஸைக் கழற்றிவிட்டுப் புது லென்ஸ் போட வையுங்கள். பழைய கண்ணாடியிலிருந்து உண்மையாகத் தேறுவது என்னைக் கேட்டால் இந்தப் பிரேம்தான். முகாமில் பவரையும் பாவை இடைவெளியையும் எழுதிக்கொண்டு, அவருக்குப் பிடித்த பிரேமில் பெயர் ஒட்டி, ரங்கூனுக்கு எடுத்துப்போய்ச் சாதாரண ஸ்டாக் லென்ஸைத் தேய்த்துப் போட்டு, இரண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து, சூடு காட்டி காது மூக்குக்கு வளைத்துக் கொடுப்பது. பிளாஸ்டிக் பிரேம் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் லென்ஸ் ஏற்றும்போது படக்கென்று விரியும், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். வெயில் கண்ணாடிகளைத் தூக்கிப்போட வேண்டாம், வயலில் நிற்பவர்களுக்கும் கண்ணில் சதை படர்ந்தவர்களுக்கும் புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் கொடுக்கலாம். கூடுகள் எல்லாமே உபயோகம், கூடு இல்லாத கண்ணாடி இரண்டு மாசம் தாங்காது.

மிச்சமிருக்கும் பவர் கூடிய மைனஸ்களை, சோடாபுட்டிக் கண்ணாடிகளை, குப்பையில் போடுங்கள் என்றுதான் போன வருஷம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. 2025 மார்ச் 28இல் மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியதல்லவா, மதியச் சாப்பாட்டு நேரம், போட்டது போட்டபடி ஓடி வந்தவர்கள் தெருவில் படுத்துக்கிடந்தார்கள். ஏப்ரலில் நாங்கள் நாலு பேர் போனோம். பாய், மருந்து, தண்ணீர் எல்லாம் வேறு ஆட்கள் கொண்டுபோனார்கள், எங்களுக்குத் தெரிந்தது கண்ணாடி, அதை எடுத்துப்போனோம். முப்பது வயது ஆசிரியை ஒருவர், மைனஸ் ஏழு, கண்ணாடி இடிபாட்டில் போய்விட்டது. பத்து நாளாகத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், தன் கைவிரலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. கடைகள் இல்லை, லென்ஸ் தேய்க்கக் கரண்ட் இல்லை. என் பழைய பெட்டியில், தன்லின் காலத்திலிருந்து தூக்கிப்போட மறந்த பெட்டியில், மைனஸ் ஆறரை ஒன்று இருந்தது. இடைவெளி இரண்டு மில்லி தப்பு, சிலிண்டர் இல்லை, பிரேம் ஆண்பிள்ளைப் பிரேம். போட்டார், கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் "ஸயா (ஐயா), விரிசல் இவ்வளவு பெரிதா?" என்றார். அந்தப் பயணத்தில் அப்படிப் பதினோரு கண்ணாடி கொடுத்தோம், எல்லாம் ஐந்துக்கு மேற்பட்ட மைனஸ், எல்லாம் புதுசு வரும்வரை என்று சொல்லித்தான். அதனால் பவர் எழுதி, ஒரு டின்னில் போட்டு, உங்கள் கோவில் பரணில் வையுங்கள். இடம் அடைக்காது.

திருவிழா வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டால், பீலிக்கான் கோவில் திருவிழாவில் ஒருமுறை மேசை போட்டுப் பார்த்தவன் நான். மேளச் சத்தத்தில் நான் கேட்பது அவருக்குக் கேட்காது, அவர் சொல்வது எனக்குக் கேட்காது, காவடி வருகிறது என்றால் வரிசையே எழுந்து ஓடிவிடும். சாதாரண ஞாயிறு, காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயிலுக்கு முன் பாதியை முடிப்பது. அறுபது பேருக்கு மேல் பெயர் எழுதாதீர்கள். மீதிப் பேருக்கு அடுத்த மாசத்துத் தேதி போட்டுச் சீட்டு. நம் ஆட்கள் மட்டும் என்று கயிறு கட்ட வேண்டாம், தெருவில் இருக்கும் பர்மியக் குடும்பங்களும் மோன் குடும்பங்களும் வரட்டும், அப்படிச் செய்தால் மறுதடவை இடம் கிடைப்பதும் சுலபம். இன்னொன்று, கொடுக்கும்போது ஒரே பவரில் மூன்று நாலு பிரேமை முன்னால் வைத்து, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, அவரே எடுக்கட்டும். இலவசம்தானே என்று கையில் திணித்ததை யாரும் போடுவதில்லை. மருமகள் சிரித்தால் போதும், அது பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும். ஒரு சின்னத் தொகை வாங்கலாமா என்பதில் எனக்கும் என் நண்பருக்கும் இருபது வருஷமாகச் சண்டை. வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி, முடிந்தால் உண்டியலில் போடட்டும் என்பது என் கட்சி.

மாமாவுக்கு இப்போதே போன் போட்டுவிடுங்கள். மூன்று பெட்டியில் இரண்டை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல மெட்டல் பிரேம், இரண்டு பக்கமும் ஒரே பவராக இருக்கும் படிக்கிற கண்ணாடி, வெயில் கண்ணாடி, கூடு, பரண் டின்னுக்குப் பவர் கூடிய மைனஸ், இவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பெட்டியாகக் கட்டட்டும். மிச்ச இரண்டு பெட்டிக்கு ஆகும் அனுப்புக் கூலிக்கு ப்ளஸ் ஒன்றரையும் இரண்டும் இரண்டரையும் புதிதாக வாங்கி அனுப்பினால் உங்கள் முறத்துக்கு முன்னால் உட்காருகிற அறுபது பேருக்கும் போதும். அப்படியே மூக்குத் தட்டு ஒரு டப்பாவும், ஒன்று புள்ளி நாலு மில்லி திருகு ஒரு பாக்கெட்டும் போடச் சொல்லுங்கள். இங்கே அந்தத் திருகு கிடைக்காமல் குண்டூசியை வளைத்துச் சொருகிக்கொண்டு திரிகிறவர்களை உங்கள் கோவில் வாசலிலேயே எண்ணலாம்.